குதிரை இறங்கியிருந்த வாரம்

எங்கள் ஊர்த் தூணின் உச்சியிலிருந்து குதிரை இறங்கிவிட்டதால், யாராலும் வீட்டைவிட்டு வெளியேற முடியவில்லை. வாசலுக்கு வெளியே எடுத்துவைத்த கால் உள்ளேயே இறங்கியது.

தூணை நட்டவர் பழைய பேரரசர் ஒருவர். உச்சியில், சக்கரங்களுக்கு நடுவே, நான்கு விலங்குகள் சுற்றி நடக்கின்றன. புத்தர் கருவில் வந்ததற்கு யானை, பிறந்ததற்குக் காளை, வீடு துறந்ததற்குக் குதிரை, போதித்ததற்குச் சிங்கம். அவை வேறு தெய்வங்களின் வாகனங்கள் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. விலங்குகள் அந்தக் கட்டுரைகளைப் படித்ததில்லை.

நான் தூணின் காவலன். குதிரை இறங்கியபோது பணியில் இருந்ததால் வெளியிலேயே தங்கிவிட்டேன்.

தையல்காரர் தணிகாசலத்தின் மகள் சுடர்க்கொடி ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டாள். திங்கட்கிழமை ஓசூரில் வேலைக்குச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

"குதிரைக்கு இருக்கிற புத்தி இவளுக்கு இல்ல பாருங்க சார்," என்றார் உள்ளிருந்து தணிகாசலம். தாயில்லாப் பெண்ணை ஒற்றை ஆளாக வளர்த்தவர்.

"அதுக்குக் கொள்ளு குடுத்து இறக்கினதே நீங்கதானோ என்னவோப்பா!"

அவர் தையல் மிஷினை வேகமாக மிதித்தார்.

குதிரை தூணின் நிழலில் படுத்திருந்தது. "ஒருத்தரைக் கொண்டுபோய் விட்டுட்டு வெறும் முதுகோட திரும்பி வந்தேன்," என்றது. "அந்த வீட்டு முகங்களை நீங்க பாக்கல சார்."

பார்க்கவில்லைதான். அதன் பிடரியைச் சற்று நேரம் தடவிக்கொடுத்தேன்.

மேலிருந்து கேட்டுக்கொண்டிருந்த காளை, குதிரையின் வேலையைக் கூடுதல் பொறுப்பாக ஏற்பதாகச் சொன்னது. "ஆனா எனக்குத் தெரிஞ்சது பிறப்பு ஒண்ணுதான். வாசலைத் தாண்டுறவங்க பிறந்துதான் தாண்டணும்."

சுடர்க்கொடியிடம் சொன்னேன். "யார் தூக்கிட்டுப் போவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான்."

"அப்ப சரி. போயிட்டு வரேன்பா."

மிஷின் நின்றது. அவள் தாண்டினாள். சுடிதார் படியில் குவிந்து விழ, அதற்குள்ளிருந்து வீறிட்ட அழுகை கேட்டது. தணிகாசலம் பதறிக் கைகளை நீட்டினார். வாசலைக் கடந்த விரல்கள் சிசுவின் விரல்களாயின, இழுத்துக்கொண்டார். பிறகு ஒரு பழைய வேட்டியை என்னிடம் வீசினார்.

"தலை இன்னும் நிக்காது சார். கழுத்துக்கு அடியில கை குடுங்க. தட்டிக் குடுத்தா தூங்கிடுவா, பாவம்."

அவர் ஜன்னல் கம்பிகளைப் பிடித்தபடி நிற்க, நாங்கள் கிளம்பினோம். பேருந்தில் அவளுக்கு டிக்கெட் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஓசூர் அலுவலகத்தில், அவளுடைய மேசைக்கு மேல் தூளி கட்டியிருந்தார்கள். மேலாளர் குனிந்து சுண்டுவிரலை நீட்டினார். சுடர்க்கொடி அதை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"நல்ல பிடி," என்றார் மேலாளர். "பல் முளைக்கும்வரை தகுதிகாண் பருவம். நடை பழகியதும் முதல் பதவி உயர்வு."