ஏழாம் லயத்தை உளவு பார்த்தவன்

மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஆள் மரத்தைவிடப் பருமன். அருள்செல்வியின் கண்ணில் முதலில் பட்டது அவனுடைய வயிறு. பிறகுதான் கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியும். ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், காலை ஏழரை மணிக்கு, கோட்டுப் போட்டுக்கொண்டு எவன் வருவான்?

அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருப்பதுபோலவே குனிந்து நின்று ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் காலடிகளை எண்ணி எண்ணி நடந்தான். நின்றான். கைக்கடிகாரத்தை வாயருகே கொண்டுபோனான்.

"ஏழாம் லயம் தெரியிது. ஆக்கள் ஒருத்தரும் இல்ல."

ஏழாம் லயம் அவள் குடியிருக்கும் தொழிலாளர் வீட்டு வரிசை. தோட்டத்தில் ஒரு துண்டை யாருக்கோ கொடுக்கப்போகிறார்கள் என்று இரண்டு மாதமாகப் பேச்சு அடிபட்டது. யாரோ வந்து மரங்களில் சிவப்புப் பெயின்ட் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். கேட்டதற்குத் தோட்டத்தை நடத்தும் துரை ஒன்றுமில்லை என்றார். அவர் ஒன்றுமில்லை என்றதிலிருந்துதான் அவளுக்குச் சந்தேகமே வலுத்தது.

பின்தொடர்ந்தாள். அவன் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாக நடந்து, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தான். விழும்போது பக்கத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த ஸ்டெபானியின் வாளியைப் பிடித்து இழுத்ததில், வாளிப் பால் முழுதும் கோட்டில் கொட்டியது.

"யாருங்க நீங்க?" என்றாள் அருள்செல்வி.

"நானா? சும்மா நடக்க வந்த."

"கோட்டு போட்டுகிட்டா?"

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாள் நழுவியது. அருள்செல்வி எடுத்துப் படித்தாள். 'ஏழாம் லயம். ஆளில்லை. வெள்ளிக்கிழமை மாலை, தீ வைத்தல்.'

அன்று புதன்கிழமை. அவள் கூவிய கூவலில் மலைச்சரிவில் நின்ற பெண்கள் எல்லாரும் கத்தியோடு ஓடிவந்தார்கள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அவனை உட்காரவைத்துக் கங்காணி அந்தனி விசாரித்தார். பெயர் ஹில்மி, கேகாலைக்காரன், சினிமா நடிகன் என்றான். படம் ஒரு மடத்தனமான உளவாளியின் கதையாம். ஆட்களுக்குத் தெரியாமல் நடந்து பழகச் சொல்லி டைரக்டர் இரண்டு நாள் முன்னதாக அனுப்பியிருக்கிறார். நிரூபிக்கலாமென்றால் போன் கானுக்குள் விழுந்து செத்துவிட்டது.

"மடையன்னா நம்பலாம்," என்றாள் ஸ்டெபானி. "நடிகன்னுதான் நம்ப முடியல. எங்க, நடிச்சிக் காட்டச் சொல்லுங்க."

ஹில்மி எழுந்து, பைக்குள்ளிருந்து துப்பாக்கி எடுக்கிற மாதிரி கையை விட்டான். பைக்குள் உறைந்துகொண்டிருந்த ரப்பர் பாலில் கை ஒட்டிக்கொண்டது. கை வெளியே வரவில்லை. இழுத்து இழுத்துச் சுற்றியதில் நிறுவைத் தராசில் மோதிக்கொண்டான். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கங்காணியும் சிரித்தார்.

அருள்செல்வி சிரிக்கவில்லை. "நீங்க நடிகருதான், சரி. தாள்ல எழுதியிருக்கே, அந்தத் தீ பொய்யா, நெசமா?"

அவன் தயங்கினான். "நெருப்பு உண்மதான் அக்கா. அது ஆளில்லாத லயம், எரிச்சாப் பரவாயில்லண்டு தோட்டத்தால கடிதம் குடுத்திருக்கு."

சிரிப்பு அப்படியே நின்றது.

"எங்க வீட்டுக்காரரு இப்ப அங்கதான் தூங்குறாரு," என்றாள் அவள். "பெக்டரியில ராத்திரி வேல."

அவள் அவன் கையைப் பிடித்து லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள் காய்ந்தன. ஒரு காம்பரா அறையில் அடுப்பு இன்னும் புகைந்தது. அடுத்ததில் குறட்டைச் சத்தம். ஹில்மி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "நான் தூரத்தில நிண்டு பாத்திட்டு ஆளில்லண்டு சொல்லிட்டன்," என்றான். அதை நடிப்பாக அவளால் நினைக்க முடியவில்லை. ஆனாலும் அவன் கையை அவள் விடவில்லை.

எல்லாருமாக ஆபீசுக்குப் போனார்கள். துரை சிங்களத்தில், அது பழைய பதிவு, எழுத்துப் பிழை என்றார். வெள்ளிக்கிழமை எங்களை எங்கே அனுப்ப இருந்தீர்கள் என்று அருள்செல்வி அதே சிங்களத்தில் கேட்டாள். அவர் பதிவுப் புத்தகத்தை மூடி இழுப்பறைக்குள் வைத்தார்.

ஹில்மி ஆபீஸ் போனிலேயே டைரக்டரைக் கூப்பிட்டான். "அங்க ஆக்கள் இரிக்கிறாங்க. அந்த லயத்துக்குக் கிட்ட நான் நடிக்க மாட்டன். வேற ஆளப் பாருங்க." பிறகு டைரக்டர் துரையிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். துரை கேட்கக் கேட்க அவருடைய காது சிவந்தது. தீயை, முன்பு ரப்பர் உலர்த்தி இப்போது ஆற்றோரம் பாழடைந்து கிடக்கும் புகைவீட்டுக்கு மாற்றுவதென்று முடிவானது.

"சரிதானே? போங்க," என்றார் துரை.

"ஏழாம் லயத்துல ஆளிருக்குன்னு எழுதிக் குடுங்க," என்றாள் அருள்செல்வி.

"அனுப்புறேன்."

"இப்பவே குடுங்க. நிக்கிறோம்."

ஒன்பது பெண்கள் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். கிளார்க் அச்சடித்துக் கொண்டுவந்ததை அருள்செல்வி விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். "ஆறு குடும்பம் இருக்கோம். இதுல அஞ்சு பேருதான் இருக்கு." கிளார்க் மறுபடி அடித்தார். ஆறாவது பெயர் அவளுடைய வீட்டுக்காரருடையது.

வெள்ளிக்கிழமை மாலை புகைவீடு எரிவதையும், ஹில்மி அதற்குள்ளிருந்து காற்சட்டை கிழிய ஓடிவருவதையும் பார்க்கத் தோட்டமே ஆற்றோரம் திரண்டது. அருள்செல்வி போகவில்லை. லயத்தின் கோடியில் ஏழு வாளி தண்ணீரை வரிசையாக வைத்துக்கொண்டு, புகை எந்தப் பக்கம் திரும்புகிறதென்று இருட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.