சட்டைப்பையில் கிடந்த செல்போன்

டிவியில் அந்தப் பெண் வாசித்ததைப் பத்திரகாளி இரண்டாவது தடவையும் கேட்டாள். முதல் தடவை கேட்டபோது வேறு யாரைப் பற்றியோ சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

ராக்கெட்டில் எரிபொருள் நிரப்பும் தளத்துக்குள் தடையை மீறிச் செல்போனோடு போன பொறியாளரின் கவனக்குறைவால்தான் தீப்பிடித்தது என்று விசாரணைக் குழு முடிவு செய்திருக்கிறதாம். இறந்தவரின் சட்டைப்பையில் செல்போன் கிடந்ததாம். தொழில்நுட்ப ரகசியங்கள் இருப்பதால் முழு அறிக்கையை வெளியிட முடியாதாம். பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ககனரதம் என்ற தனியார் கம்பெனியின் அந்த ராக்கெட், கடற்கரை ஏவுதளத்தில் நின்ற இடத்திலேயே வெடித்தபோது செத்தது ஒரே ஒருவன்தான். அவள் மகன் சோலைராஜ்.

"சட்டைப்பையாம். ஏங்க, கேட்டியளா? சட்டைப்பையாம்."

லிங்கராஜ் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார். கோவில்பட்டியில் நாலு பேர் மதிக்கிற தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அவர்; தீப்பெட்டித் தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். தொழிலாளிகள் அவர் எதிரே சத்தமாகப் பேசக்கூட யோசிப்பார்கள். இப்போது கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு, அணைந்துபோன டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகனைப் பெட்டியில் வைத்து மூடித்தான் கொண்டுவந்தார்கள். திறக்கக் கூடாது என்றார்கள். முகத்தையாவது காட்டுங்கய்யா என்று அவள் தரையில் விழுந்து கதறியபோது, பார்க்கிற நிலையில் இல்லைம்மா என்றார்கள். முகம் மிஞ்சாத உடம்பில் சட்டைப்பை மட்டும் எப்படி மிஞ்சியது? அதற்குள் ஒரு போன் எப்படி மிஞ்சியது?

அந்தப் போன் இந்த வீட்டில் அல்லவா இருந்தது!

சோலைராஜோடு அறையில் தங்கியிருந்த பையன்கள் அவன் துணிமணிகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தபோது, போனும் அதில் இருந்தது. தளத்துக்கு வெளியே அவனுடைய லாக்கரில் இருந்ததாகச் சொன்னார்கள். ஒரு கீறல் இல்லை. அவள்தான் சார்ஜ் போட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவன் படத்துக்கு முன்னாலேயே அது இருந்தது. ஒருநாள் மணி அடித்தது. எடுத்துப் பேச அவளுக்குத் தெம்பில்லை. ஆபீஸில் வேலை பார்க்கிறவள், அடுக்களையில் ஒத்தாசைக்கு வந்திருந்த இசக்கிசெல்விதான் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். கடன் வேண்டுமா என்று கேட்கும் ஏதோ பேங்குப் பெண். "இந்தப் போனுக்கு உரியவிய இல்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதன் பிறகுதான் கண்ணபிரான் வந்தார். கம்பெனியின் பெரிய அதிகாரி. பெரிய ரோஜா மாலையைப் படத்துக்குப் போட்டார். "சோலைராஜ் எங்க குடும்பத்துல ஒருத்தர், மேடம்" என்றார். போகிற சமயத்தில், சோலைராஜின் போனில் கம்பெனி விவரங்கள் இருக்கலாம், அழித்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று கேட்டார். பத்திரகாளி வாயைத் திறப்பதற்குள் லிங்கராஜ் போனை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"நாங்களும் தொழில் நடத்துறவங்கதான் சார். எங்களுக்குத் தெரியாதா?"

அது திரும்பி வரவில்லை. எரிந்துபோன உடம்பின் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

"போனை வாங்கிட்டுப் போயி பழிய எம்பிள்ளை தலையில கட்டிட்டானுவ," என்றாள். "வால்வு கசியுது, தேதிய மாத்துங்கன்னு சொன்னா மூஞ்சியத் திருப்புதாவன்னு எங்கிட்ட எத்தனை தடவ சொன்னான்! நீங்க வாங்க. கலெக்டர்ட்ட போவோம்."

"போதும், காளி. இதுக்கு மேல தோண்டாத."

"ஏன்?"

"எல்லா இடத்துலயும் இப்படித்தான் நடக்கும்."

"எப்படித்தான்?"

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். சாப்பிடவும் வரவில்லை. அந்த வீட்டில் இப்படிப் பேச்சில்லாமல் கிடக்கும் பொழுதுகள் புதிதல்ல. முன்பெல்லாம் சோலைராஜ் வந்து கலைத்துவிடுவான். இனிமேல் அதற்கும் ஆள் இல்லை.

மறுநாள் காலையில் அவளே சாமித்துரைக்குப் போன் செய்து வரச்சொன்னாள். ஊர்ச் செய்திகளை வீடியோ எடுத்து யூட்யூபில் போடுகிறவன். அவன் வீடியோ வந்த பிறகு முனிசிபாலிட்டிக்காரன் சாக்கடை அள்ளியிருக்கிறான், ஒரு சப்-இன்ஸ்பெக்டருக்கு மாறுதல் வந்திருக்கிறது. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டான்.

"ஊருல ஆளுக்கொரு கதை ஓடுதுக்கா. வெளிநாட்டுச் சதிங்கான். ராக்கெட்டே இல்ல, குண்டு செஞ்சாவங்கான். கம்பெனிக்காரவிய வாயைத் தொறக்காததுனால எவனும் எதையும் நம்ப மாட்டேங்கான். ஆனா இந்தப் போன் சமாச்சாரத்தை மட்டும் எல்லாவனும் நம்பிட்டான்."

"போன் இங்க இருந்திச்சுன்னு நான் சொல்லுதேன்லா."

"நீங்க பெத்தவிய. மகனுக்காகப் பொய் சொல்லுதாவன்னு ஒரே வரியில முடிச்சிருவான். டவர் கணக்கு போலீசு கேட்டாத்தான் குடுப்பான். போலீசுல கேட்டா, விசாரணை ரகசியம்ங்கான். போனைக் கொண்டாந்து குடுத்த பையன்வளும் அந்தக் கம்பெனியிலதான் வேல பாக்காவ, வாயைத் தொறக்க மாட்டாவ. வெளியாளு யாராவது அந்தப் போனைக் கையில வெச்சுப் பாத்தாவளா?"

பத்திரகாளி உடனே செருப்பை மாட்டினாள்.

இசக்கிசெல்வியின் ஊருக்குப் போகும் கழுகுமலை பஸ்ஸில் பின் இருக்கையில் இரண்டு பேர் இதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ரீல்ஸ் எடுத்திருப்பான்லே. ராக்கெட்டுக்கு முன்னால நின்னு ஒரு போஸு."

"இத்தனை கோடியையும் கரியாக்கிட்டுப் போய்ட்டான் பாத்தியா. படிச்சவன்லா!"

அவள் திரும்பினாள். "அவன் எம் மவன்தான். சொல்லு. நிறுத்தாம சொல்லு."

இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். வெளியே மழைக்குக் காத்துக் கிடந்த கரிசல், வெடிப்பு வெடிப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் முன்பக்கம் திரும்பாமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நிறுத்தத்தில் இரண்டு பேரும் இறங்கிக்கொண்டார்கள். அது அவர்கள் ஊராக இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

ரீல்ஸாம். சோலைராஜுக்குப் போனை வெளியே எடுத்து வைப்பது மூச்சு விடுகிற மாதிரி. அவர்கள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து கலக்கும் அறைவாசலில் ஒரு ஓலைப்பெட்டி தொங்கும். உள்ளே போகிறவர்கள் போன், சாவிக்கொத்து எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கல்லூரியிலிருந்து லீவுக்கு வந்தபோதும், அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட அந்த வாசல்வரை போகிறவன், உள்ளே காலை வைக்காவிட்டாலும் போனைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் கூப்பிடுவான். அப்படி வளர்ந்த பிள்ளை.

இசக்கிசெல்வி வீட்டில்தான் இருந்தாள். ஆபீஸில் அன்று குச்சி வரவில்லை, அதனால் வேலை இல்லை. ஆட்டுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள், முதலாளி வீட்டம்மா நடந்து வருவதைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா, சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேனே."

பத்திரகாளி நின்றபடியே சொல்லி முடித்தாள். போனை எடுத்துப் பேசியதைச் சாமித்துரையின் வீடியோவில் சொன்னால் போதும். வேறொன்றும் வேண்டாம்.

இசக்கிசெல்வி எல்லாவற்றையும் கேட்டாள். ஆட்டுக்குட்டி வாளியை முட்டிச் சாய்த்தது. தண்ணீர் மண்ணில் இறங்கும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுதேன். அதுக்கு முன்ன நீங்க எனக்கு ஒண்ணு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு சட்டைப்பையில போன் எப்படிக்கா வந்துச்சு?"

இசக்கிசெல்வியின் புருஷன் மாரிராஜ் அவர்கள் ஆபீஸ் மருந்து அறையில் தீப்பிடித்துச் செத்தவன். சோலைராஜ் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். போனோடு உள்ளே போனதால்தான் விபத்து என்று எழுதி விவகாரத்தை முடித்தார்கள். அதன் பிறகுதான் வாசலில் அந்த ஓலைப்பெட்டியே வந்தது.

"அவரு கொண்டு போயிருப்பாரு" என்று தொடங்கினாள் பத்திரகாளி.

"எங்க வீட்டுல இருந்ததே ஒரு போனுதான். பட்டன் போனு. அன்னைக்கு அது எங்கிட்ட இருந்திச்சு. ஆபீஸ் கேட்டுக்கு வெளியில நின்னு எங்கம்மாட்ட பேசிட்டிருக்கேன், அங்கன டமார்னு சத்தம் கேக்குது. போனும் கையுமாத்தான் ஓடியாந்தேன். ஆனா அவரு பையில கெடந்ததா போலீசு காட்டினது டச் போனு. மூலையில கண்ணாடி ஒடஞ்சது. இது எங்களுக்குள்ளது இல்லைன்னு சொன்னேன். எவன் கேட்டான்? அண்ணாச்சி உனக்கு வேல குடுக்காவல்லா, போவியான்னு வெரட்டிட்டானுவ."

மூலையில் கண்ணாடி உடைந்த போன்.

அதை உடைத்தது சோலைராஜ். மாடிப்படியில் ஓடி வந்தபோது கீழே போட்டான். புதுப்போன் வாங்கிய பிறகு அது பீரோவில் கிடந்தது. தங்கை மகளுக்குக் கொடுக்கலாம் என்று பத்திரகாளி ஒருநாள் தேடினாள். வித்துட்டேன் என்றார் லிங்கராஜ். உடைந்த போனை யார் வாங்கினார்கள் என்று அவள் கேட்கவில்லை.

"மருந்து கலக்குத மிக்சர் மெஷின் சூடாவுதுன்னு அவரு அண்ணாச்சிட்ட எத்தனையோ தடவ சொல்லியிருக்காரு," என்றாள் இசக்கிசெல்வி. "தீவாளி ஆர்டர் முடியட்டும்ன்னாவளாம்."

அதற்கு மேல் பத்திரகாளியால் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது லிங்கராஜ் பனியனோடு உட்கார்ந்து பேப்பரை விரித்து வைத்திருந்தார். படிக்கவில்லை.

"பீரோவுல கெடந்த போனை யாருக்கு வித்திய?"

அவர் நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"செத்தவன் திரும்பியா வரப்போறான்? அன்னைக்கு என் தப்புன்னு எழுதியிருந்தா ஆபீஸை இழுத்து மூடியிருப்பான். இருநூறு குடும்பம் தெருவுல நின்னிருக்கும். உம் மவனை என்ஜினீயருக்குப் படிக்க வெச்சிருக்க முடியுமா? யோசிச்சுப் பாரு."

"அதுனாலதான் நேத்து டிவி பாத்ததுமே உங்களுக்கு வெளங்கிட்டு. உங்க வித்தைய இன்னொருத்தன் செஞ்சிருக்கான். அதான் வாயடைச்சுப் போய்ட்டிய."

"மெதுவா பேசு."

"மெதுவாவா? அந்தக் கண்ணபிரானைக் காறித் துப்பணும்னு நேத்து பூரா நெனச்சிட்டிருந்தேன். அவன் மொகம் எனக்கு இப்பம் ஞாபகமே வரமாட்டேங்கு. உங்க மொகம்தான் வருது. எம்பிள்ளைய எடுத்து ரெண்டு கையாலயும் அவன்ட்ட நீட்டினியளே!"

"எனக்குத் தெரியுமா, காளி? இதுக்குத்தான் கேக்கான்னு எனக்குத் தெரியுமா?" லிங்கராஜின் குரல் உடைந்தது. "எம் பிள்ளையும்தான அவன்."

அவர் அழுவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மனத்தில் இரக்கம் எழுமா என்று காத்திருந்தாள். எழவில்லை. சத்தம் போடுகிற கோபம் போய்விட்டிருந்தது. இப்போது இருந்தது சத்தமில்லாதது.

"நாளைக்கு வெவரம் வெளிய வந்தா கேசு எம்மேலதான் வரும். ஆபீஸுக்குச் சீல் வெப்பான். இந்த வீடுகூட மிஞ்சாது," என்றார்.

"எனக்கு எம் மவன் பேரு மிஞ்சணும்."

மறுநாள் காலையில் தீப்பெட்டி ஆபீஸ் கேட்டுக்கு வெளியே சாமித்துரை தன் போனை ஒரு கம்பில் பொருத்தி நிறுத்தினான். வேலைக்கு வந்த பெண்கள் உள்ளே போகாமல் தூக்குச்சட்டியோடு நின்றுவிட்டார்கள். இசக்கிசெல்வி வந்திருந்தாள். ஆனால் கிட்டே வரவில்லை. கேட்டின் அந்தப் பக்கம் தனியாக நின்றாள்.

"நான் உங்களுக்காக வரலக்கா," என்று முதலிலேயே சொன்னாள். "நீங்க என்ன சொல்லுதியன்னு கேக்கத்தான் வந்தேன்."

"சரி," என்றாள் பத்திரகாளி.

லிங்கராஜ் ஆபீஸ் படியில் வந்து நின்றார். "ஏட்டி, உள்ள வா" என்றார். கூப்பிடுகிற குரலாக இல்லை. கெஞ்சுகிற குரலாக இருந்தது. கூட்டத்தில் யாரோ ஒருத்தி, "அண்ணாச்சி கூப்பிடுதாவ" என்றாள். பத்திரகாளி திரும்பவில்லை.

"ஆரம்பிக்கலாம்க்கா," என்றான் சாமித்துரை. "மொதல்ல தம்பியைப் பத்திச் சொல்லுங்க. ராக்கெட் விபத்துல செத்தவிய அம்மான்னு."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். இரவெல்லாம் மனத்துக்குள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. சோலைராஜின் பெயர்தான் முன்னால் நின்றது. அவள் அதைப் பின்னால் தள்ளினாள்.

"நான் இந்த ஆபீஸ் மொதலாளி சம்சாரம். இங்கன மருந்து ரூம்ல மாரிராஜ்னு ஒருத்தவிய செத்தாவ. அவிய சட்டைப்பையில கெடந்த போன் அவியளோடது இல்ல. எங்க வீட்டுப் போன். எங்க வீட்டுக்காரரு கொண்டாந்து வெச்சது. மிக்சர் மெஷினு கெட்டுப் போய்க் கெடந்திச்சு. அதை ஓட்டச் சொன்னது நாங்க."

தூக்குச்சட்டி ஒன்று கீழே விழுந்து உருண்டது. படியில் நின்ற லிங்கராஜ் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா," என்றான் சாமித்துரை கம்மிய குரலில், "இதையும் போட்டுறவா?"

"இதை மொதல்ல போடு. அப்பந்தான் எம் மவனுக்கு நான் சொல்லுதது செல்லும்."

இசக்கிசெல்வி இருந்த இடத்திலேயே நின்றாள். அவள் அழவில்லை. பத்திரகாளியை வெகுநேரம் பார்த்தாள். அதில் நன்றி இல்லை. மன்னிப்பும் இல்லை. அதன் பிறகு கேட்டைத் தாண்டி வந்து, பத்திரகாளியைத் தொடாமல், அவளுக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு, போனைப் பார்த்து நின்றாள்.

"எடுலே, தம்பி," என்றாள். "அந்த ராக்கெட் பையனோட போனைக் கையில வெச்சுப் பேசினது நான்தான். அவன் செத்த பெறகு."