கான் தின்று தீர்த்த ரொட்டிகள்

கடித்து மீந்த நாலாயிரம் ரொட்டிகளைத் தின்று முடிக்க முஸ்ராப் கானுக்கு நாற்பது நாள் ஆனது. பச்சைத் தேநீரில் ஊறவைத்து, விடியலில் தொடங்கி அந்திவரை தின்றார். பதினோராம் நாள் தாடை வீங்கியது. ஆலோசகன் தூர்திமத் ஆட்டுக்கொழுப்பு தடவிவிட்டான், கான் தொடர்ந்தார்.

கான் ஆண்ட சாரிதெப்பா நகரத்தில் ஊரைவிட்டுக் கிளம்புகிறவன் ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான். மிச்சத்தை வீட்டார் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். அவன் உயிரோடிருக்கும்வரை அதில் பூசணம் பிடிக்காது. அதைத் தின்று முடிக்கவே அவன் திரும்பி வருவான். வடக்கே வெள்ளைத் தொப்பிப் படை எல்லையைத் தாண்டிய வசந்தத்தில் நாலாயிரம் ஆண்கள் கடித்துவிட்டுப் போனார்கள். அந்த ரொட்டிகளில் பாதியைச் சுட்டவள் அரண்மனை அடுப்பில் வேலை பார்த்த சுல்ஹூமார் என்ற விதவை. ஒரே மகன் எர்தோனாவின் ரொட்டியை வாசலுக்கு எதிரே மாட்டியிருந்தாள்.

தூர்திமத் முன்பு கிணறு வெட்டிக்கொண்டிருந்தவன். மூன்று மாதம் கண்மூடாமல் கிடந்த இளவரசனின் காதில், கிணற்றின் அடியில் கேட்கும் சத்தத்தை அவன் ஊத, பிள்ளை தூங்கிப்போனது. அன்றிலிருந்து கானுக்கு அவன் சொன்னதுதான் வேதம். முணுமுணுத்த அமைச்சர்களை உப்புப் பாலைக்கு அனுப்பினார்கள். பிறகு முணுமுணுக்க ஆளில்லை. கானின் படை இரண்டு முறை பின்வாங்கியதும் தூர்திமத் அவரிடம் போனான்.

"பிரபு, அவனுங்க கோழைங்க இல்ல. வீட்டுச் சுவத்துல தொங்குற ரொட்டி பின்னாடி இழுக்குது. நீங்களே தின்னு தீர்த்துடுங்க. ஒருத்தனும் திரும்ப மாட்டான்."

கானுக்கு அது சரியாகப் பட்டது. வீடு வீடாக வண்டி வந்தது. அதற்கு முந்தைய நாள் சுல்ஹூமார் மகனின் ரொட்டியை மாவுப் பீப்பாயின் அடியில் புதைத்துவிட்டு, வேறொரு ரொட்டியைத் தானே கடித்து ஆணியில் மாட்டினாள். வண்டிக்காரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னக்கா, கடி இத்துனூண்டு இருக்கு? உன் மவன் வாயே இவ்ளோதானா?"

"சாகப் போறவன் எவன்டா வாய் நிறையக் கடிப்பான்? உங்க வூட்டு விருந்துன்னு நெனச்சியா?"

அவன் அதற்குமேல் கேட்கவில்லை.

தூர்திமத் சொன்னது பொய்யாகவில்லை. கடைசி ரொட்டியைத் தின்ற நாளிலிருந்து படை பின்வாங்கவே இல்லை. முன்னே நடந்தது. எதிரியின் கூடாரங்களுக்கு நடுவே புகுந்து, யாரையும் பார்க்காமல், ஆற்றைக் கடந்து, புல்வெளியைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டே இருந்தது. சுட வேண்டுமா என்று வெள்ளைத் தொப்பிக்காரர்களுக்குக் குழப்பம். வழிவிட்டுவிட்டுக் காவலற்ற சாரிதெப்பாவுக்குள் நுழைந்தார்கள். கானுக்குக் குதிரை தயாராக இருந்தது. ஆனால் நாலாயிரம் பேரின் வருகை அவர் வயிற்றில் இருந்ததால், மூன்று முறை வாயிலைத் தாண்டியும் மூன்று முறையும் கால்கள் அரண்மனைக்கே திரும்பின. நான்காவது முறை அவரைப் பிடித்தார்கள். இருநூறு ஆண்டு ஆட்சி மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. புதிய ஆளுநருக்கு வாய்க்கால் விஷயத்தில் ஆலோசகர் தேவைப்பட்டார், தூர்திமத்தையே வைத்துக்கொண்டார்.

தானே கடித்துக் கொடுத்தனுப்பிய ரொட்டியோடு போனது தன் வருகை என்று சுல்ஹூமாருக்குத் தெரியும். அதனால் அவள் நகர வாயிலைத் தாண்டவில்லை. அடுத்த ஊரில் தங்கை செத்ததற்கும் போகவில்லை. மகனின் ரொட்டியை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு ஏழு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தாள். அழுகை இரண்டாம் ஆண்டிலேயே நின்றுவிட்டது.

எட்டாம் ஆண்டு கோடையில் எர்தோனா வந்தான். கூட்டம் இழுத்த இழுப்பில் வெகுதூரம் போய்விட்டு, அவன் ஒருவன் மட்டும் திரும்பியிருந்தான். வாயிலுக்கு இருநூறு அடி இருக்கும்போது வெயிலில் விழுந்தான். யாரோ பிச்சைக்காரன் என்று காவலர்கள் நிழலைவிட்டு எழவில்லை. வடக்கிலிருந்து வந்த ஒருவன் விழுந்து கிடக்கிறான் என்று கேட்டதுமே மகன்தான் என்று தெரிந்துகொண்ட சுல்ஹூமார் ஒரு சூடான ரொட்டியை மடியில் கட்டிக்கொண்டு வாயிலைத் தாண்டினாள். தண்ணீர் கொடுத்துத் தூக்கி, தோளில் சாய்த்துக் கூட்டிவந்தாள். நகர வாயிலுக்கு வந்ததும் அவள் கால்கள் நின்றுவிட்டன.

"உள்ள போ. உன் ரொட்டி வாசலுக்கு எதிரே இருக்கு. ஊறவச்சுத் தின்னு, இல்லன்னா பல்லு போயிடும்."

"நீ வரலியாம்மா?"

"என்னால வர முடியாதுடா. என்னோடத கான் தின்னுட்டாரு."

மடியிலிருந்த ரொட்டியில் ஒரு வாய் கடித்து, மிச்சத்தை அவன் கையில் வைத்தாள். மென்றுகொண்டே வடக்கே நடந்தாள். அவன் கூப்பிட்டபோது தலையை மட்டும் திருப்ப முடிந்தது.

எர்தோனா தன் ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்துத் தின்று முடித்தான். அவளுடையதை அதே ஆணியில் மாட்டினான். ஒருவருக்கு இரண்டாவது வருகை உண்டா என்பது சாரிதெப்பாவில் யாருக்கும் தெரியாது. வாரம் ஒருமுறை அதைத் தூசி தட்டி வைக்கிறான். இன்னும் பூசணம் பிடிக்கவில்லை.