இரண்டு அடி பின்னால்

1

ஒரே ஒரு பெயரை எழுத முடியாமல்தான் இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மோசேசே என்பவன் எங்கள் கரும்பு வெட்டும் கூட்டத்துக்குத் தலைவன். நேற்று அவன் ஒரு தாளைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு மீன் டின்னைத் தூக்கி வைத்தான். இந்தப் பருவத்துக்கு வெட்டப் போகிறவர்களின் பெயர்த்தாள். பன்னிரண்டு கோடுகள். பதினொன்றில் பெயர் ஏறிவிட்டது. பன்னிரண்டாவதில் என் தம்பி சுக்தேவின் பெயரை எழுதலாமா என்பதை நான் சொல்ல வேண்டும்.

“உன் தம்பிக்குக் கை நல்லா ஓடும்டா அவ்தார். எனக்கும் ஆள் கொறையுது. ஆனா நான் எழுத மாட்டேன், நீ எழுது. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எல்லாவனும் என் மண்டையத்தான் தேடுவான்.”

“தேட வேற வேணுமா? அந்த முடிய வெச்சுக்கிட்டு நீ ஆலை வாசல்ல நின்னாலே இங்க தெரியுதே,” என்றாள் என் மனைவி பூல்மதி. மோசேசே தன் சுருட்டை முடிக் காட்டைத் தடவிக்கொண்டு சிரித்தான். போகும்போது சிரிக்கவில்லை. “திங்கக்கிழம காலைல வரேன்.”

செவ்வாய்க்கிழமை எங்கள் தீவின் லம்பாசா சர்க்கரை ஆலையில் சங்கு ஊதும். வெட்டு தொடங்கும். எனக்குப் பயம் அந்தச் சங்கில் இருக்கிறது. வேறு எங்கே இருக்கிறது என்று பிறகு சொல்கிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். நாற்பத்தேழு வயதுவரை நான் இதே தாளில் கட்டைவிரலை உருட்டியவன். எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன் சுக்தேவ். அதனால் எழுதியதைப் பிழை பார்க்க அவனிடமே கொடுக்கிறேன். அவன் பிழையோடு நிற்பதில்லை. அடைப்புக்குறி போட்டு அதற்குள் பேசவும் செய்கிறான். அப்படியே விட்டிருக்கிறேன். இந்தக் கதையில் அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் அவன்.

(அழிச்சா மறுபடி எழுதுவேன், அண்ணே.)

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

“எங்கள் ஊரில் ஒரு பைத்தியம் இருந்தான்.” அடித்துவிட்டேன்.

(நன்றி.)

“மனச்சிதைவு என்பது மூளையைத் தாக்கும் நோய். பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். இல்லாத குரல் கேட்கும், இல்லாத பகை தெரியும்.” இதில் பொய் இல்லை. மருத்துவமனையில் கொடுத்த சிறு புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் இந்த வரிகளில் யாருக்கும் வியர்க்கவில்லை. எனக்கு வியர்த்தது. இதையும் அடித்தேன்.

மூன்றாவது: “அன்று காலை அவன் கையில் கத்தியோடு என்னை நோக்கி வந்தான். நான் பார்த்தேன். அவன் அதை ஓங்கி”

இதற்குமேல் கை போகவில்லை. அரை வாக்கியமாகவே கிடக்கட்டும். திரும்பி வருவேன்.

3

அவனுக்கு இருபத்திரண்டு வயதில் இந்த நோய் வந்தது. கடல் தாண்டி லவுதோகாவில் வாத்தியார் படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். எங்கள் வம்சத்தில் பேனாவைத் தொட்ட முதல் ஆள். விடுமுறைக்கு வந்தவன் குளிப்பதை நிறுத்தினான். பூல்மதி போட்ட ரொட்டியை முகர்ந்து பார்த்து வைத்துவிட்டான். சன்னலில் செய்தித்தாள் ஒட்டினான். பேச ஆரம்பித்தால் ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்கு வழியே இல்லாமல் தாவினான். பிறகு பேச்சும் நின்றது. தன்பாட்டுக்குச் சிரித்தான்.

ஆலைச் சங்கு ஊதியபோது எழுந்து நின்று “இதோ வரேன்” என்றான்.

“யாருகிட்டடா சொல்ற?”

“கேக்கலையா? பேரச் சொல்லிக் கூப்புடுறானே.”

நான் ஆயுசு முழுக்கக் கேட்ட சங்கு அது. அது சங்கு மட்டும்தான் என்று எனக்கு இருந்த நிச்சயம் அன்றைக்கு ஆடியது.

பக்கத்து வயல்காரன் ஏவல் வைத்தான் என்றோம். மந்திரவாதி எலுமிச்சை அறுத்தான், மிளகாய்ப் புகை போட்டான். சுக்தேவ் இருமி இருமி வாந்தி எடுத்தான். பேய் இறங்குகிறது என்று நாங்கள் கை தட்டினோம்.*

* காரணம் கேட்டேன் பிற்பாடு, சிஸ்டர் லிட்டியாவிடம். எங்கள் பகுதிக்கு வரும் மனநல நர்ஸ். “ஒரே காரணம்னு கைய நீட்ட முடியாது அவ்தார். ரத்தத்துல கொஞ்சம் வரலாம். மூளை வளந்த விதம், அதுல ஓடுற ரசாயனம், தனியா ஊர் விட்டுப் போன அழுத்தம், சில பேருக்குக் கஞ்சா, எல்லாம் சேந்து. ஏவலும் இல்ல, நீங்க வளத்த குத்தமும் இல்ல.” ‘ரத்தத்துல’ என்பது மட்டும்தான் என் காதில் நின்றது. என் உடம்பில் ஓடுவதும் அதே ரத்தம்.

(எனக்குக் கஞ்சா பழக்கம் இருந்துச்சு. உனக்கு அப்ப தெரியாது. எழுதிடு.)

4

கடல் தாண்டி, சுவாவில் மனநோய்க்கான பெரிய மருத்துவமனையில் மூன்று மாதம் இருந்தான். மாத்திரையில் தெளிந்தான். உடம்பு பருத்தது, கை லேசாக நடுங்கியது. ஆனால் என் கண்ணைப் பார்த்துப் பேசினான். படிப்பு போய்விட்டது. கரும்புக்கு வந்தான். நான்கு பருவம் வெட்டினான். மோசேசே அவனை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவான்.

இனி வருவது என் தவறு. மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்தேன்.

மருந்தைப் பார்த்துக்கொண்டவன் நான். ஒரு நாள் மாத்திரை தீர்ந்தது. நான் வாங்கப் போகவில்லை. “நல்லாத்தானே இருக்கான், எதுக்கு நடுங்கிக்கிட்டே வெட்டணும்?” என்றேன். பூல்மதி மருத்துவ அட்டையை எடுத்து வந்தாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது. “இதுல செவப்புல ஏதோ போட்டிருக்குங்க. யாருகிட்டயாவது கேளுங்க.” நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு எழுத்து தெரியாது என்று சுக்தேவுக்குத் தெரிந்துவிடும்.

(அது எனக்கு எப்பவுமே தெரியும்.)

சிவப்பில் இருந்தது இதுதான்: நலமாக உணர்ந்தாலும் மருந்தை நிறுத்தாதீர்கள். என் ஆயுசில் நானே படித்த முதல் முழு வாக்கியம் இது. படித்தபோது எல்லாம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

5

இப்போது அந்த அரை வாக்கியத்துக்கு வருகிறேன்.

மருந்து நின்று ஏழாம் வாரம். பருவத்தின் முதல் நாள். சங்கு ஊதியது. வயலில் பதினோரு பேர் குனிந்திருந்தோம். சுக்தேவ் நிமிர்ந்தான். இரண்டு மூன்று நாளாகத் தூங்காத கண். கத்தியோடு என்னை நோக்கி வந்தான். அவன் அதை ஓங்கி என்னை வெட்ட

(இல்ல.)

வந்ததுபோல் இருந்தது. கத்தியை வீசி

(இல்ல, அண்ணே.)

கத்தியை மண்ணில் குத்தினான்.

(அப்புறம்?)

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுக்கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். வியர்த்த கை வழுக்கும், விரல் போகும். கொடுக்கிறவன் கத்தியை மண்ணில் குத்திவிட்டு இரண்டு அடி பின்னால் போவான். வாங்குகிறவன் வந்து பிடுங்கிக்கொள்வான். புதிதாக வருகிறவனுக்கு மோசேசே முதலில் சொல்வது இதைத்தான்.

(நான் ரெண்டு அடி பின்னால போனேன். எழுது.)

அவன் இரண்டு அடி பின்னால் போனான்.

(நான் என்ன சொன்னேன்?)

“வெச்சுக்கோண்ணே. ஒளிச்சு வை. என் கழுத்த அறுத்துக்கச் சொல்றான்.”

அவன் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் நான் பார்த்தது கத்தியை மட்டும். பாய்ந்து அவனைக் கீழே தள்ளினேன். கரும்பு கட்டும் சங்கிலியால் கையைக் கட்டினேன். லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டகைத் தூணோடு பிணைத்துப் பூட்டினேன். இரண்டு பகல். தண்ணீரைக் குச்சியால் தள்ளி வைத்தேன். தம்பிக்கு. குச்சியால்.

சிஸ்டர் லிட்டியா வந்தபோது முதலில் அவனிடம் போகவில்லை. என்னிடம் வந்தாள். “சாவி எங்க?” அவ்வளவுதான் கேட்டாள். பூட்டைத் திறந்தபின் அவன் மணிக்கட்டைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “இந்த நோய் வந்தவங்க அடிச்சத நான் பார்த்தது கொஞ்சம். அடிபட்டதப் பார்த்ததுதான் ஜாஸ்தி.”

6

அது நான்கு வருடம் முன்பு. இப்போது நாலு வாரத்துக்கு ஒரு ஊசி. தேதியை நானே படிக்கிறேன். எழுத்து கற்றுக்கொடுக்கச் சொன்னதும் சிஸ்டர்தான்: “அவனுக்கு ஒரு வேலை வேணும், உனக்கு ஒரு படிப்பு வேணும்.” குளிர்பெட்டிக் கதவில் ஒரு பட்டியல், அவன் கையெழுத்தில்: இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை என்றால் சொல்லவும். ரொட்டியை முகர்ந்தால் சொல்லவும். சன்னலை மூடினால் சொல்லவும். குரல் முழுக்கப் போகவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி ஓடுகிறதாம், சத்தம் குறைவாக.

எனக்குத்தான் சத்தம் குறையவில்லை. அவன் சிரித்தால் எதற்கு என்று பார்க்கிறேன். எழுந்தால் எங்கே என்று பார்க்கிறேன். அவன் கத்தியை நான் ஒளித்து வைத்திருக்கும் இடத்தை இங்கேகூட எழுத மாட்டேன்.

(மாவு டிரம்முல. அடியில, சாக்கு சுத்தி. நாலு வருஷமா தெரியும்.)

இதைப் படித்ததும் நோட்டை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். தினமும் ரொட்டிக்கு அந்த டிரம்மில் கைவிட்டு மாவு எடுத்துக் கொடுப்பவன் அவன்தான்.

இந்த அடைப்புக்குறிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் வேடிக்கையாக இருந்தன. போகப்போக, வரியை எழுதும் முன்பே அவன் என்ன சொல்வான் என்று காதில் விழ ஆரம்பித்தது. பேனாவை எடுத்தால் ‘எடுக்கிறான் பார்’. அடித்தால் ‘மறைக்கிறான் பார்’. அடுப்படிக்குப் போய் அவனிடமே கேட்டேன்.

“டேய், எனக்கும் வந்துருச்சாடா?”

அவன் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சிரித்தான். “உனக்குக் கேக்குறது உன் நெனப்புதான்னு உனக்குத் தெரியுதுல்ல?”

“தெரியுது.”

“எனக்கு அது தெரியல. அவ்வளவுதான் வித்தியாசம்.” அடுப்பை விட்டு என் பக்கம் திரும்பினான். “ஆனா அது இங்கேர்ந்து சுவா தூரம்ணே.”

“வாத்தியாரே, ரொட்டி கருகுது. தத்துவத்த அப்புறம் சுடலாம்,” என்றாள் பூல்மதி.

7

முடிவு.

ஒன்று: பெயரை எழுதுகிறேன். சங்கு ஊதுகிறது. அவன் குனிந்து வெட்டிக்கொண்டே இருக்கிறான். இதை எழுத ஆசை. எழுதினால் கண்ணேறு பட்டுவிடும் என்று பயம்.

இரண்டு: பெயரை எழுதுகிறேன். சங்கு ஊதுகிறது. அவன் நிமிர்கிறான். இதை நான்கு வருடமாகத் தினமும் மனதுக்குள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். காகிதத்தில் வேண்டாம்.

மூன்று: எழுதவில்லை. மோசேசே வேறு ஆள் பார்க்கிறான். சுக்தேவ் ரொட்டி சுடுகிறான். கத்தி மாவுக்குள் கிடக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை. பத்து வருடம் கழித்தும் ஒன்றும் நடக்கவில்லை. இதைத்தான் சங்கிலி என்று எழுத வேண்டியிருக்குமோ?

(எனக்கும் பயம்தான், அண்ணே. சங்கு ஊதுறப்ப பக்கத்து வரிசையில நில்லு. நான் நிமிந்தா ‘சங்குதாண்டா’ன்னு சொல்லு. அது போதும்.)

திங்கட்கிழமை காலை. மோசேசேயின் லாரி இன்னும் வரவில்லை. டிரம்மில் கைவிட்டு, சாக்கை அவிழ்த்துக் கத்தியை எடுத்தேன். பிடியில் மாவு. அதைத் துடைக்கவில்லை. முற்றத்தில் ஈர மண்ணாகப் பார்த்துக் குத்தினேன். பக்கத்தில் பெயர்த்தாள், மேலே மீன் டின், கூடவே இந்தப் பேனாவின் ஜோடிப் பேனா. பன்னிரண்டாவது கோடு காலி. அவன் பெயரை அவன் எழுதட்டும், அல்லது விடட்டும்.

பிறகு பின்னால் போனேன். ஒரு அடி. இரண்டு அடி. மூன்றாவது அடி வைக்கக் கால் துடிக்கிறது, வைக்கக் கூடாது. முன்னால் போய்ப் பிடுங்கிக்கொள்ளவும் கை துடிக்கிறது. நின்றபடியே நோட்டை முன்கையில் வைத்து இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

அடுப்படிக் கதவு திறக்கிறது. இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் தலையை நிமிர்த்தவில்லை. அவனுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

(                    )