பள்ளம் வந்தால் இடது கை

மழை பிடித்துக்கொண்டால் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிடுவான். நனைந்த கண்ணாடியோடு சைக்கிள் ஓட்டுவதைவிட அது இல்லாமல் ஓட்டுவதே மேல் என்பது அவன் கட்சி. அதை ஒரு டப்பாவில் போட்டு என் சைக்கிளின் முன்பையில் வைத்துக்கொள்வேன். பிறகு அவன் என் முதுகை ஒட்டிப் பின்னால் வருவான். பள்ளம் வந்தால் நான் இடது கையைக் கீழே இறக்கி விரலை நீட்ட வேண்டும். என் மழைக்கோட்டு பளீர் மஞ்சள் என்பதால் அந்தக் கை மட்டும் அவனுக்கு எந்த மழையிலும் தெரியும். "உன் கை இருக்கிறப்ப எனக்கு எதுக்குடா கண்ணு?" என்பான்.

அவன் தையல் கடையில் துணி வெட்டுகிறவன், அதனால் ஊருக்கே மாஸ்டர். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறேன், அதனால் அவனுக்கு வாத்தி. கோடை விடுமுறை முடிவதற்குள் கடல்வரை ஓட்டிப்போய், காலை நனைத்துவிட்டு ரயிலில் திரும்புவதாகத் திட்டம். திரும்பிய மறுநாளே அவன் கத்தரிக்கோலைத் தூக்கியாக வேண்டும். எங்கள் பள்ளியின் சீருடைத் துணி மொத்தமும் கட்டுக் கட்டாக அவன் கடையில் வந்து இறங்கியிருந்தது. வருஷம் முழுக்க அவன் வீட்டில் அடுப்பு எரிவது இந்த ஒரு பருவத்தை நம்பித்தான்.

இன்று விடிந்ததிலிருந்து மழை. ஜட்டி வரை நனைந்த பிறகு மனிதனுக்குப் பொறுமை என்று ஒன்று மிச்சமிருக்காது. எனக்கோ காய்ந்திருக்கும்போதே அது கொஞ்சம்தான். மதியம் சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஒதுங்கினோம். உள்ளே நாலைந்து லாரி ஓட்டுநர்கள். மாஸ்டருக்கு ஆள் கிடைத்தால் போதும்.

"நேத்து ஒரு மேடு பாருங்க, வாத்தியார் பாதியில இறங்கிட்டாரு. இறங்கி ரோட்டோரமா மல்லாந்து படுத்துட்டு என்கிட்ட சொல்றாரு, 'பீரோ சாவி அரிசி டப்பாக்குள்ள இருக்கு, அவகிட்ட சொல்லிடு'ன்னு!"

கடையே அதிர்ந்தது. ஓர் ஓட்டுநருக்குப் புரையேறிவிட்டது. கடைக்கார அம்மா என் தட்டில் ஒரு முட்டையைக் கூடுதலாக வைத்து, "சாப்பிடுங்க சார், சாவிய நீங்களே போய் எடுக்கலாம்" என்றார். மறுபடியும் சிரிப்பு. நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. வகுப்பில் எவனாவது என்னைப் பார்த்துச் சிரித்தால் மணி அடிக்கும்வரை வெளியே நிற்கவைக்கிற ஆள் நான்.

கிளம்பிய பிறகு எதிர்காற்று வேறு. முன்னால் போகிறவன் காற்றையும் மழையையும் முகத்தில் வாங்க வேண்டும், பின்னால் வருகிறவனுக்குப் பாதி உழைப்புதான். முறை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை, பின்னால் வருகிற துரைக்குத்தான் கண்ணாடி இல்லையே. என் தொடை இரண்டும் கல்லாகிக் கிடக்க, பின்னாலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. பாட்டு நின்றபோது, "வாத்தி, முன்னால மேடு மாதிரி தெரியுது. வீட்டுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்றான்.

அப்போதுதான் அந்தப் பள்ளம் வந்தது. செம்மண் தண்ணீர் நிரம்பிச் சாலையோடு சமமாகக் கிடந்தது. ஓரத்தில் தார் பெயர்ந்திருந்ததை வைத்து ஆழம் எனக்குப் புரிந்துவிட்டது. நான் லேசாக வலப்பக்கம் ஒதுங்கினேன். இடது கை கைப்பிடியிலேயே இருந்தது. கை இறங்கவில்லை என்று சொன்னால் அது தப்பித்துக்கொள்கிற பேச்சு. நான் இறக்கவில்லை. ஒரு குலுக்கு குலுங்கட்டும், வாய் மூடும் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

பின்னால் இரும்பு சாலையில் உராய்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பி ஓடியபோது அவன் சேற்றுத் தண்ணீருக்குள் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். மணிக்கட்டு இருக்க வேண்டிய விதத்தில் இல்லை.

"நீ காட்டியிருப்ப. நான்தான் பாக்கல, பாட்டுல இருந்துட்டேன்" என்றான். பிறகு, "உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டான்.

"பேசாத, எந்திரி" என்றேன்.

காய்கறி ஏற்றிவந்த வண்டிக்காரர் ஒருவர் எங்களையும் சைக்கிள்களையும் கூடைகளுக்கு நடுவே ஏற்றிக்கொண்டுபோய், பக்கத்து ஊரில் மாடியில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியின் படிக்கட்டுக்குக் கீழே இறக்கிவிட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டே, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"துணி வெட்டுறேங்க."

"கத்தரிக்கோலா? பள்ளிக்கூடமெல்லாம் திறந்து ரொம்ப நாள் கழிச்சுப் பாத்துக்கலாம். இப்போதைக்கு மறந்துடுங்க."

டாக்டருக்கு எதுவும் தெரியாது, பேச்சுவாக்கில்தான் சொன்னார். மாஸ்டர் தன் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த அறையில் நிற்கவே கூசியது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டான். "வாத்தி இருந்ததால தப்பிச்சேன். இல்லன்னா எவன் என்னைத் தூக்கிட்டு வந்திருப்பான்?" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினான்.

"அண்ணா, நீங்க கூடப் போறீங்கன்னுதான் இவர அனுப்பினேன். மழையில சுத்தமா கண்ணு தெரியாத மனுஷன்" என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

"சரிம்மா" என்றேன். எனக்கே என்னைக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

அவன் என் தோளில் சாய்ந்துகொண்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மாஸ்டர், அந்தப் பள்ளத்த நான் பாத்தேன்."

"அதான் சொன்னேனே, நீ காட்டினத நான்தான்..."

"நான் காட்டல. பாத்துட்டு, வேணும்னே காட்டல."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏன்டா?"

"அந்தக் கடையில எல்லாரும் சிரிச்சாங்க."

வாயைவிட்டு வெளியே வந்த பிறகுதான் அது எவ்வளவு அற்பமான காரணம் என்று என் காதுக்கே கேட்டது. அவன் நாலு வார்த்தை திட்டுவான் என்று காத்திருந்தேன். இடது கையால் ஓர் அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு அழுதிருப்பேன். அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்தத் தூரத்தில் கண்ணாடி இல்லாமலே நான் அவனுக்குத் தெரிந்திருப்பேன்.

"என் கண்ணாடியக் குடு" என்றான்.

முன்பையிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த டப்பாவைக் கொடுத்தேன். ஒற்றைக் கையால் அவனுக்குக் கண்ணாடியைப் பிரிக்க வரவில்லை. உதவ நான் கையை நீட்டியதும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்ணாடியின் காலைப் பல்லால் கடித்து விரித்து, மாட்டிக்கொண்டு எழுந்தான்.

கீழே இறங்குகிற படி வெளிப்புறமாக, கூரையில்லாமல் இருந்தது. மழை விடவே இல்லை. பழக்கதோஷத்தில் நான் முன்னால் போய் இடது கையை இறக்கி முதல் படியைக் காட்டினேன். அவன் என் கையைப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தாண்டி, காலால் ஒவ்வொரு படியாகத் தடவித் தடவி இறங்கினான். கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவன் அதைக் கழற்றவில்லை.