குப்புராஜ் இறங்கிப்போன சீட்

குப்புராஜ் தன்னுடைய பிக்கப் வண்டியின் சீட்டுக்குள் இறங்கிப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வண்டி வேலைக்கு வந்த அன்றும் அவர் உள்ளேதான் இருந்தார்.

ஓட்டிக்கொண்டு வந்தது அவர் மனைவி வளர்மதி. நாமக்கல்லில் மோகனூர் ரோட்டு ஓரத்தில் சிங்காரவேலின் குஷன் கடை இருக்கிறது. அதன் முன்னால் வண்டி இரண்டு தடவை குலுங்கி, மூன்றாம் தடவை நின்றது. டிரைவர் இடம் காலியாக இருந்தது. வளர்மதி அதற்குப் பக்கத்தில் ஒண்டி, ஸ்டீயரிங்கை எட்டிப் பிடித்து ஓட்டியிருந்தாள்.

சிங்காரவேல் பதினாறு வருடமாக வண்டிகளுக்கு உள்வேலை செய்கிறவன். லாரி, வேன், கார் எதுவானாலும் சீட்டு, கூரையின் மேல்துணி, கதவு அட்டை, தரை மேட் என்று உள்ளே இருப்பதை எல்லாம் புதிதாக்கித் தருவான். வண்டியைச் சுற்றி வந்து தலையை உள்ளே விட்டான். ரெக்சின் கிழிந்து மஞ்சள் ஸ்பாஞ்ச் பிதுங்கியிருந்தது. மேல்துணி தொங்கித் தலையைத் தொட்டது. தரை மேட் ஓட்டையில் ரோடு தெரிந்தது.

"உள்ள பூரா புதுசு பண்ணோணும் தம்பி," என்றாள் வளர்மதி. "இனி நான்தான் முட்டை எடுத்துட்டுப் போகோணும்."

"சீட்டையும் பிரிக்கோணுங்களாக்கா?"

"பிரிக்கோணும்."

"அண்ணன் உள்ள இருக்கறதாச் சொல்றாங்க."

"இருக்காரு. அதுக்காக கிழிஞ்சதுலயே விட்டுற முடியுமா?"

நடந்தது இதுதான். டிரைவர் இடத்தில் முதலில் ஒரு பள்ளம் விழுந்தது. எல்லா வண்டியிலும் விழுவதுதான். குப்புராஜ் இருபது வருடமாகப் பண்ணைகளிலிருந்து கடைகளுக்கு முட்டை ஏற்றிப் போகிறவர். பள்ளம் இடுப்பளவு ஆனது. மார்பளவு ஆனபோது கைகளை உயர்த்தி ஓட்டினார். ஒரு செவ்வாய்க்கிழமை டீசல் பங்கில் ஆள் மூடியைத் திருகிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, சீட்டின் மேல் துண்டு மட்டும் கிடந்தது.

வளர்மதி புகார் கொடுக்கப் போனாள். எங்கே இருக்கிறார் என்று தெரிந்த ஒருவரைக் காணவில்லை என்று எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது. டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாள்.

முதல் நாள் சிங்காரவேல் மேல்துணியை உரித்தான். பின்னால் தேங்கியிருந்த வெயில் மொத்தமும் அவன் தலையில் கொட்டியது. பழைய வெயில், சூடு அதிகம் இல்லை. விளக்குமாற்றால் கூட்டி மூன்று சாக்கில் கட்டி வைத்தான்.

இரண்டாம் நாள் கதவு அட்டைகளைக் கழற்றினான். கதவுக்குள் சாதாரணமாகச் சீப்பு, பேனா மூடி, டோல்கேட் சீட்டு இவை கிடக்கும். இந்தக் கதவுக்குள் வார்த்தைகள் கிடந்தன. தினமும் வண்டி கிளம்பும்போது வளர்மதி ஜன்னல் பக்கம் வந்து நின்று பேசியவை. குப்புராஜின் காதுக்குப் போகாமல் கண்ணாடி இறங்கும் சந்தில் விழுந்திருந்தன. வேப்பஞ்சருகு போலக் காய்ந்து, தொட்டால் நொறுங்கும் பதத்தில் இருந்தன. அவன் எதையும் படிக்கவில்லை. பிறத்தியார் வீட்டுப் பேச்சு. பதமாக ஒரு பிளாஸ்டிக் பேசினில் அள்ளி வைத்தான்.

மூன்றாம் நாள் சீட்டைப் பிரித்தான்.

ரெக்சின் வந்தது. ஸ்பாஞ்ச் வந்தது. அதற்குக் கீழே தேங்காய் நார். அதற்குக் கீழே ஸ்பிரிங். ஸ்பிரிங்குகளை விலக்கினால் படிகள் இருந்தன. சீட்டின் உயரம் ஒன்றே கால் அடி. படிகள் நாற்பத்தொன்று. பேசினை இடுப்பில் வைத்துக்கொண்டு சிங்காரவேல் இறங்கினான்.

கீழே ஒரு நடைவழி. சுவர் முழுக்க மஞ்சள் ஸ்பாஞ்ச். அவன் நடக்க நடக்க அது நீண்டது. வேகமாக நடந்தான், அதுவும் வேகமாக நீண்டது. மூச்சு வாங்கி நின்றான். நின்றதும் அதன் மறுமுனை அவனிடம் வந்து சேர்ந்தது.

மறுமுனையில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட எழுத்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"யாரப் பாக்கோணும்?"

"முட்டை வண்டி குப்புராஜ் அண்ணனை."

"உக்காந்தவங்கள நின்னவங்க பாக்கக் கூடாது."

"நான் நின்னு வேலை செய்யறவன் இல்லீங்க. முட்டி போட்டுச் செய்யறவன்."

"முட்டியக் காட்டுங்க."

சிங்காரவேல் வேட்டியை உயர்த்திக் காட்டினான். இரண்டு முட்டியிலும் காய்ப்பு இருந்தது. எழுத்தர் எட்டிப் பார்த்து, இரண்டின் மேலும் ஊதா மையில் முத்திரை குத்தினார்.

"ரெண்டுங்கெட்டான் பிரிவு," என்றார். "நாலு மணிக்குள்ள மேல போயிரோணும்."

"இப்ப மணி என்னங்க?"

"நாலு."

குப்புராஜ் ஒரு சின்ன அறையில், கவிழ்த்துப் போட்ட முட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். சட்டை சுத்தமாக இருந்தது. சிங்காரவேலைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நீ யாரு தம்பி?"

"குஷன் வேலைங்ணா. வண்டியப் பிரிச்சிருக்கேன்."

"நல்லா இருக்குதா வண்டி?"

"உள்ள ரொம்ப அடி வாங்கியிருக்குதுங்க."

"ஆமா," என்றார் குப்புராஜ். தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "இங்க யாரும் கூப்பிடறதில்ல. எத்தன தட்டு, எப்ப வருவ, ஏன் லேட்டுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. மொதல்ல ஒரு மணி நேரம் இருந்துட்டு ஏறிரலாம்னுதான் நெனச்சேன்."

"அக்கா கூப்பிட்டாங்களே."

"அவ கூப்பிட்டு என் காதுல விழுந்ததே இல்லையே."

சிங்காரவேல் பேசினை அவர் மடியில் வைத்தான்.

குப்புராஜ் ஒரு சருகை எடுத்துக் காதோரம் வைத்தார். "சாப்டீங்களா" என்றது அது, வளர்மதியின் குரலில். இன்னொன்றை எடுத்தார். அதுவும் சாப்டீங்களாதான். பேசினில் பாதிக்கு மேல் அதுவே இருந்தது. அவர் ஒன்றையும் தள்ளாமல் எல்லாவற்றையும் கேட்டார். "மழ வருது, தார்ப்பாய இழுத்துக் கட்டுங்க." "சின்னவளுக்குக் காச்சல் விட்டுருச்சு." "மூணு நாளா நீங்க எங்கூடப் பேசல." இதைக் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டார்.

அடியில் ஒன்று மற்றவற்றைவிடத் தடிமனாக இருந்தது. பல தடவை சொல்லி ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிப்போனது. அதைக் காதில் வைத்தார்.

"எனக்கும் ஓட்டச் சொல்லிக் குடுங்க மாமா."

அதை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மேல வாரீங்களாண்ணா?"

"நின்னா முதுகு நிமிர மாட்டேங்குது தம்பி."

"சீட்டத் தச்சுட்டா அப்புறம் வர முடியாதுங்க."

"வண்டி இப்ப யாரு ஓட்டறா?"

"அக்காதான்."

குப்புராஜ் நிமிர்ந்தார். அவருக்கு நிமிர முடிந்த அளவு. "எப்படி ஓட்டறா?"

"மூணாவது கியர் விழ மாட்டேங்குதாம்."

"அது அந்த வண்டியோட கொணம். அவ மேல தப்பில்ல. லேசா வெளிய இழுத்துட்டுத் தள்ளோணும்." கையால் காற்றில் தள்ளிக் காட்டினார். "எங்க உக்காந்து ஓட்டறா?"

"ஓரத்துலதான். உங்க மேல உக்கார மனசு வரலீங்க போல."

"உக்காரச் சொல்லு. கனமா இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

புறப்படும்போது சிங்காரவேல் ரெக்சின் என்ன கலர் என்று கேட்டான். அவளைக் கேள் என்றார்.

படியேறி வந்தபோது மணி நாலு. கிழமை மட்டும் மாறியிருந்தது.

வளர்மதி கடை வாசலில் ஸ்டூலில் காத்திருந்தாள். அவன் கலர் கேட்டதும் யோசிக்காமல் கத்தரிப்பூ கலர் என்றாள். முட்டை வண்டிக்கு அந்தக் கலரை யாரும் போடுவதில்லை. சிங்காரவேல் குறித்துக்கொண்டான். பிறகு உள்ளே பார்த்ததை எல்லாம் சொன்னான். கதவுக்குள் கிடந்ததைக் கொடுத்துவிட்டதையும் சொன்னான்.

"எல்லாத்தையும் கேட்டாரா?"

"ஒண்ணு விடாம கேட்டாருங்க."

"வர மாட்டேன்னுட்டாரா?"

"அப்படிச் சொல்லல. முதுகு நிமிராதுன்னாரு."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். வியர்வை மாதிரிதான் துடைத்தாள்.

"அப்பத் தைக்க வேண்டாம் தம்பி."

"தைக்காம ஸ்பாஞ்ச் நிக்காதுக்கா. ரெண்டு நாள்ல பழையபடி ஆயிரும்."

இருவரும் பிரித்துப் போட்ட சீட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். பஸ்கள் போயின. பதினாறு வருடத்தில் சிங்காரவேல் மூட முடியாத ஒரு சீட்டையும் பார்த்ததில்லை. மூடக் கூடாத சீட்டு இதுதான் முதல். உள்ளே போய், லாரி தார்ப்பாய்க்குப் போடுகிற தடித்த ஜிப் ஒன்றை எடுத்து வந்தான்.

"கியர் பக்கமா இத வெச்சுத் தச்சுத் தாரேன். இழுக்கற கொக்கி வெளிய வெக்கட்டுங்களா, உள்ள வெக்கட்டுங்களா?"

வளர்மதி ஜிப்பை வாங்கி இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தாள்.

"உள்ளயே வெய்யுங்க. வெளிய இருந்தா நான் தொறந்து தொறந்து பாத்துட்டே இருப்பேன். வண்டி ஓடாது."

வேலை முடிய ஐந்து நாள் ஆனது. புது ஸ்பாஞ்ச் வெட்டி ஒட்டினான். கத்தரிப்பூ ரெக்சினை வெள்ளை நூலில் தைத்தான். ஜிப்புக்கு மெழுகு தடவினான். டேஷ்போர்டு வெடிப்புகளை அடைத்துத் தேய்த்துக் கறுப்படித்தான். கதவு அட்டைகளைப் பொருத்தும்போது கண்ணாடிச் சந்தில் ரப்பர் வைத்து அடைத்தான், இனி எதுவும் உள்ளே விழாமல் இருக்க. சாக்கு வெயிலை என்ன செய்வது என்று கேட்டதற்கு, அதுவும் வண்டியைச் சேர்ந்ததுதானே என்றாள் வளர்மதி. புது மேல்துணிக்குப் பின்னால் பரப்பித் தைத்தான். அதன் பிறகு வண்டிக்குள் எந்நேரமும் சாயங்காலத்துக்குச் சற்று முந்திய வெளிச்சம் இருந்தது.

ஆறாம் நாள் காலையில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். சிங்காரவேல் இடது ஓரம் உட்கார்ந்தான். வளர்மதி டிரைவர் கதவைத் திறந்து சீட்டைக் கையால் தடவினாள்.

"ஏனுங்க, உக்கார்றேன்," என்றாள் சீட்டிடம்.

முழுக் கனத்தோடு உட்கார்ந்தாள். சீட்டு மெல்ல மூச்சு விட்டது. புது ஸ்பாஞ்ச் எல்லாம் அப்படித்தான் விடும். சிங்காரவேல் அதை அவளிடம் சொல்லவில்லை.

மோகனூர் ரோட்டில் வண்டி நன்றாகத்தான் போனது. மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியர் விழவில்லை. கரகரவென்று சத்தம் வந்தது. மறுபடி போட்டாள். மறுபடி சத்தம். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. வளர்மதியின் மேலுதட்டில் வியர்வை பூத்தது.

ஜிப் ஒரு சாண் திறந்தது.

உள்ளிருந்து ஒரு கை வந்தது. மணிக்கட்டில் வாட்ச் கட்டிய இடம் வெளுத்திருந்தது. அது தேடாமல் கியர் குமிழைப் பிடித்து, லேசாக வெளியே இழுத்து, தள்ளியது. மூன்றாவது விழுந்தது. வண்டி சொன்னபடி கேட்டு மேடேறியது.

வளர்மதி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை குமிழின் மேலேயே இருந்தது. பாலத்தின் உச்சி வந்தது. கீழே ஊரும் பண்ணைகளும் தெரிந்தன.

"நாலாவது நானே போட்டுக்கறேன்," என்றாள்.

கை குமிழை விட்டு ஒரு விரல்கடை தள்ளி நின்றது. உள்ளே போகவில்லை. அவள் கிளட்ச்சை மிதித்தாள்.

சிங்காரவேல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.