ஆச்சரிய விருந்தாளி

லோரெய்னுக்கு ஆச்சரியம் என்றால் உயிர். மினசோட்டாவில் இருக்கும் அந்தச் சின்னக் கல்லூரியில் பத்தொன்பது வருடமாகக் குடும்ப வார இறுதியை நடத்தி வருகிறவள் அவள். அக்டோபரில் பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க வரும் அந்த இரண்டு நாளுக்கு, பூசணி செதுக்குவது, ஆப்பிள் தோட்டத்துக்கு டிராக்டர் வண்டியில் போவது, காலையில் பான்கேக், மதியம் ஃபுட்பால் ஆட்டம் என்று எல்லாக் கல்லூரியிலும் போடுகிற பட்டியலைத்தான் அவளும் போடுவாள். ஆனால் ஆட்டத்தின் இடைவேளையில் அவள் நடத்துகிற கூத்துக்காகவே பக்கத்து ஊர்க்காரர்கள்கூட டிக்கெட் வாங்கி வருவார்கள்.

கல்லூரியின் சின்னம் கஸ் என்கிற வாத்து. ஆளைவிட உயரமான பஞ்சு உடம்பு, அண்டா மாதிரி ஒரு தலை, எந்நேரமும் சிரித்துக்கொண்டிருக்கும் அலகு. மற்ற நாட்களில் பாய்ட் என்கிற மாணவன்தான் அந்த வேஷத்தைப் போட்டுக்கொண்டு குதிப்பான். குடும்ப வார இறுதியின் சனிக்கிழமை மட்டும், வரவே மாட்டார் என்று பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிற ஒரு தாயோ தகப்பனோ அதற்குள் இருப்பார்கள். பிள்ளையை ஏதாவது சாக்குச் சொல்லி மைதானத்தின் ஓரத்துக்கு வரவழைப்பார்கள். வாத்து தன் தலையைக் கழற்றும், பிள்ளை அழும், இரண்டாயிரம் பேர் கைதட்டுவார்கள். போன வருடம் கடற்படையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தாள். அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்து லோரெய்ன் இன்றைக்கும் மூக்கைச் சிந்துவாள்.

அவளுடைய அலுவலகத்தில் ஹேட்டி ட்வேட் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தாள். இரண்டாம் வருட மாணவி. யார் யார் வருகிறார்கள், எந்தெந்த நிகழ்ச்சிக்குப் பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று சரிபார்ப்பது அவள் பொறுப்பு. அந்த வார இறுதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை, காபியை வாயில் வைத்துக்கொண்டே புதிதாக வந்திருந்த பதிவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள்.

பெற்றோர்: டுவைன் கெஸ்லர். மாணவி: ஹேட்டி கெஸ்லர். வருபவர் எண்ணிக்கை: ஒன்று. வேறு ஏதும் சொல்ல விரும்பினால் என்ற கட்டத்தில், 'அவளிடம் சொல்ல வேண்டாம். ஆச்சரியமாக இருக்கட்டும்.'

காபி உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. அந்தப் பேரில் மாணவி யாரும் இல்லை என்று கம்ப்யூட்டர் அந்த வரியின் ஓரத்திலேயே சிவப்புக் குறி போட்டிருந்தது. அது சொன்னது சரிதான். ஹேட்டி கெஸ்லர் என்ற பெண்ணை ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு கோர்ட்டில் விட்டுவிட்டு வந்தாயிற்று. அவளுடைய அம்மா ரோன்டாவின் கையை டுவைன் இரண்டாவது தடவை உடைத்த பிறகு, அவர்கள் இருவருக்கும் பக்கத்திலேயே அவன் வரக்கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார். அம்மாவும் மகளும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பேரை எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் நான்கு ஊர் மாறியாயிற்று. இரண்டு ஊரில் அவன் கண்டுபிடித்து வந்து நின்றதால்தான் மாறினார்கள். உத்தரவு காகிதத்தில் இருந்தது. அவனுக்கோ நல்ல கார் இருந்தது.

எப்படிக் கண்டுபிடித்தான் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. செப்டம்பரில் போட்ட அழைப்பிதழ். திட்டமிடும் குழு நான்கு பேரும் ஆளுக்கொரு பூசணியோடு நிற்கிற படம். வேண்டாம் வேண்டாம் என்று ஒதுங்கினவளை லோரெய்ன் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கீழே முதல் பேர் மட்டும்தானே போடுகிறோம் என்று சமாதானம் வேறு. அந்த அழைப்பிதழ் கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஒரு மாதமாகக் கிடக்கிறது. தேடுகிறவனுக்கு முகம் போதாதா?

ஹேட்டி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்த வரியை அழித்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு நியாயம் இருந்தது. எவரிடமும் எதையும் சொல்லாதே என்பதுதான் அம்மா அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். சொன்னால் சொன்னவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், கடைசியில் அவனிடம் போய் நிற்கும். கல்லூரியில்கூட அந்த உத்தரவின் நகலைக் கொடுக்கவில்லை. அம்மாவிடம் சொல்லலாம், சொன்ன மறுநிமிஷம் அம்மா பெட்டி கட்டிவிடுவாள், ஐந்தாவது ஊர். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. மகளின் எந்தப் பள்ளி விழாவுக்கும் ரோன்டா வந்தது கிடையாது. பள்ளி முடித்த பட்டமளிப்பு அன்றைக்குக்கூடத் தெருவின் எதிர்ப்பக்கம் காருக்குள் உட்கார்ந்தே பார்த்தாள். இந்த வருடம்தான், ஹேட்டி கெஞ்சிக் கூத்தாடி, வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். கல்லூரிப் பேர் போட்ட ஸ்வெட்டர் ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள். அழித்தாயிற்று, அவனுக்குப் பதில் போகாது, பதில் போகாவிட்டால் வரமாட்டான் என்று ஹேட்டி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது புத்திசாலித்தனம் என்று நான் சொல்லவில்லை. பயத்துக்கு ஏது புத்தி?

அந்த மூன்று வாரமும் அவள் இரண்டு நிகழ்ச்சி நிரல் போட்டாள். ஒன்று எல்லோருக்கும். இன்னொன்று அம்மாவுக்கு மட்டும், தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில். வரவேற்பு மேஜையில் வரிசை நிற்கும், அங்கே அம்மா வேண்டாம். பான்கேக் கூடத்துக்கு ஒரே கதவு, வேண்டாம். ஆப்பிள் தோட்டத்தில் ஓடி ஒளிய இடமில்லை, வேண்டாம். பூசணி செதுக்கும் மேஜைகள் மைதானத்தை ஒட்டித் திறந்த வெளியில் இருந்தன. பின்னாலேயே கார் நிறுத்துமிடம். அங்கே உட்காரலாம், கடைசி மேஜையில், காருக்கு முதுகைக் காட்டாமல். மற்ற பிள்ளைகள் அம்மாவுக்கு எந்த டோனட் பிடிக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். இவள் அம்மா எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யோசித்தாள். ராத்திரியில் விடுதிக் கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். மெல்லிய குரலில் யாராவது ஓர் ஆண் பின்னாலிருந்து 'எக்ஸ்க்யூஸ் மீ' என்றால் உடம்பு தூக்கிப்போட்டது. டுவைன் கத்துகிற ஜாதி இல்லை. கையை உடைக்கும்போதுகூட அவன் குரல் உயர்ந்ததில்லை.

கடைசி வாரத்தில் லோரெய்ன் அவளைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். ஒரு தரம் காரணமே இல்லாமல் கட்டிப்பிடித்தாள். நல்ல மனுஷி, வேலைப்பளுவில் கொஞ்சம் குழைந்துபோயிருக்கிறாள் என்று ஹேட்டி நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வெயிலும் குளிருமாக விடிந்தது. ரோன்டா புது ஸ்வெட்டரில் வந்து இறங்கினாள். விலைச் சீட்டின் நூல் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சொன்னபடி கடைசி மேஜையில் உட்கார்ந்து, பூசணிக்குள் கைவிட்டு விதையை அள்ளி அள்ளிப் போட்டாள். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு தகப்பனார் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா அந்நியர் நடுவில் இப்படிச் சிரித்து ஹேட்டி பார்த்ததில்லை. அழித்த வரியைப் பற்றிய நினைப்பு அரை மணி நேரம் அவளை விட்டுப் போயிருந்தது.

இடைவேளைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லோரெய்ன் ஓடி வந்தாள். இந்த வருடம் ஆச்சரிய விருந்தாளியை அறிவிக்கிற ஆள் தொண்டை கட்டிக் கிடக்கிறான், நீதான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓரமாக வந்து நிற்க வேண்டும் என்றாள். ஹேட்டி மைக்கை வாங்கிக்கொண்டு நடந்தாள். எந்தக் குடும்பம் என்று கேட்டதற்கு, "பார்க்கத்தானே போறே" என்று லோரெய்ன் கண்ணைச் சிமிட்டினாள்.

மைதான ஓரத்தில் பாய்ட் நின்று டோனட் தின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, குழந்தைகளோடு படத்துக்கு நின்றுகொண்டிருந்தது வாத்து.

"அதுக்குள்ள வேஷத்தைக் கழட்டிட்டியா?" என்றாள் ஹேட்டி.

"எனக்கு இன்னிக்கு லீவு," என்றான் அவன், வாயைத் துடைத்தபடி. "யாரோ ஒரு அப்பாவாம். ரொம்பத் தன்மையான மனுஷன். காலைல வந்தவரு, வேஷத்தை முன்னாடியே போட்டுக்கறேன், கொஞ்சம் பழகிக்கறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு."

ஹேட்டி திரும்பி லோரெய்னைப் பார்த்தாள். லோரெய்னின் கண்ணில் ஏற்கெனவே தண்ணீர் கட்டியிருந்தது. அவளால் அடக்க முடியவில்லை. வருகிற பதிவுகளின் நகல் எல்லாம் அவளுக்கு மின்னஞ்சலில் போகும் என்பது ஹேட்டிக்குத் தெரியாது. பதிவு எங்கேயோ தொலைந்துவிட்டது போலிருக்கிறது, அந்த அப்பாவுக்கு யாருமே பதில் போடவில்லையே என்று மனசு கேட்காமல் லோரெய்னே போன் செய்திருக்கிறாள். அவன் ஒரு படம் அனுப்பினான். படகில் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல் விழுந்த ஒரு சிறுமி.

"பார்த்த உடனே உன்னைத் தெரிஞ்சிடுச்சு, தங்கம்," என்றாள் லோரெய்ன். "ஏழு வருஷமாச்சாமே. போன்ல அழுதுட்டாரு."

"அம்மா வர்றதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். அவங்களும் இருப்பாங்களான்னு அவரே ரெண்டு தரம் கேட்டாரு."

ஹேட்டி சட்டென்று திரும்பினாள். வாத்து குழந்தைகளை விட்டு விலகியிருந்தது. அது மகள் நின்ற பக்கம் வரவில்லை. பூசணி மேஜைகளை நோக்கி, அவசரமே இல்லாமல், ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. வழியில் ஒரு குழந்தையின் தலையைத் தடவியது. கடைசி மேஜையில் ரோன்டா நிமிர்ந்து பார்த்தாள். தன்னை நோக்கித்தான் வருகிறது என்று தெரிந்ததும் வெட்கப்பட்டுச் சிரித்து, படத்துக்கு நிற்பதற்காக எழுந்து, பூசணிச் சாறு வழிந்த இரண்டு கையையும் விரித்தாள்.

கூப்பிட்டால் கேட்காது. ஓடினாலும் எட்டாது. ஹேட்டி ஓடத்தான் செய்தாள். ஓடும்போதுதான் கையில் மைக் இருப்பது உறைத்தது.

"டுவைன் கெஸ்லர்."

ஏழு வருடமாக வாய்க்கு வராத பேர். நான்கு மூலை ஒலிபெருக்கியிலும் அது இடித்தது. வாத்து நின்றது. ரோன்டாவுக்கும் அதற்கும் நடுவே ஒரு மேஜைதான்.

"தலையைக் கழட்டுங்க," என்றாள் ஹேட்டி. குரல் கிறீச்சிட்டது.

வாத்து மெல்லத் திரும்பி, பஞ்சுக் கைகளால் தலையைப் பிடித்துத் தூக்கியது. உள்ளே வியர்வையில் நனைந்த, முடி கொட்டிய, சிரித்த முகம். அவன் அந்தப் பெரிய தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டினான்.

இரண்டாயிரம் பேர் எழுந்து கைதட்டினார்கள். போய்க் கட்டிப்பிடி என்று யாரோ கத்தினார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் தங்கள் பங்குக்கு முரசைத் தட்டினார்கள். இத்தனை பேரும் அவன் பக்கம்தான், இப்போது வாயை மூடிக்கொண்டால் இவர்களே தன்னைப் பிடித்து அவனிடம் தள்ளிவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"கைதட்டாதீங்க. தயவு செஞ்சு கைதட்டாதீங்க. இவர் என் அப்பா. என் பக்கத்துலயும் எங்க அம்மா பக்கத்துலயும் இவர் வரக்கூடாதுன்னு கோர்ட் உத்தரவு இருக்கு. எங்க அம்மா கையை ரெண்டு தடவை உடைச்சவர் இவர்."

முன்வரிசையில் கை நின்றது. பின்வரிசைக்காரர்களுக்குப் புரிய நேரமாயிற்று. அங்கே இன்னும் கொஞ்சம் தட்டினார்கள். அப்புறம் அதுவும் ஓய்ந்தது. கல்லூரிக் காவலர் ஒருவர் வேலியைத் தாண்டி நடந்து வந்தார். டுவைன் அவரைப் பார்த்து, பாவம், அவளுக்கு மனசு சரியில்லை சார், சின்னதிலிருந்தே இப்படித்தான், அவங்க அம்மா சொல்லிக்கொடுத்து வளர்த்தது என்று தன்மையாகச் சொன்னான். அந்தக் குரலுக்கு என்ன வசியமோ, காவலர் தலையை ஆட்டிவிட்டு ஹேட்டியைச் சந்தேகமாகப் பார்த்தார். லோரெய்ன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஹேட்டி கடைசி மேஜையைப் பார்த்தாள். பூசணி இருந்தது. அம்மா இல்லை. கார் பக்கம் ஓடியிருப்பாள், நல்லதுதான், ஓடட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கும்போதே தனியாக விட்டுவிட்டாளே என்று அழுகை முட்டியது.

பிசுபிசுத்த ஒரு கை அவள் கையிலிருந்து மைக்கை வாங்கியது. ரோன்டா ஓடவில்லை. மேஜைகளைச் சுற்றிக்கொண்டு, அவன் நின்ற இடத்தைக் கடந்தே வந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மைக்கை வாய்க்கு அருகில் வைக்கத் தெரியாமல் வைத்ததில் முதலில் மூச்சு மட்டும்தான் மைதானம் முழுக்கக் கேட்டது.

"என் பேரு ரோன்டா ட்வேட்," என்றாள். "என் மக சொல்றது அத்தனையும் உண்மை."

பிறகு மைக்கைக் கீழே இறக்காமல், காவலரின் கை டுவைனின் தோளில் விழும்வரை, அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றாள்.